விழிக்கும்போது காணாமல்போன டிஸ்க்குகள்: ஒரு வீட்டுச் சர்வரின் பவர் கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சர்வரின் உரிமையாளர் புகைப்பட வேலை செய்பவர். வேலைப் படங்கள், குடும்ப வீடியோக்கள், வீட்டில் உள்ளவர்களின் ஃபோன் பேக்கப் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. பழைய டெஸ்க்டாப் கேபினெட்டில் ஆறு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள். லினக்ஸ், அதன்மேல் இசட்எஃப்எஸ் (தரவைச் சேமித்துப் பிழையும் சரிபார்க்கும் கோப்பு முறைமை). டிஸ்க்குகள் இரண்டிரண்டாக மிர்ரர் ஜோடிகள், அதாவது ஒரே தரவு ஜோடியின் இரண்டிலும் இருக்கும். மூன்று ஜோடிகளும் சேர்ந்து ஒரே சேமிப்பிடம், இசட்எஃப்எஸ் மொழியில் ஒரே பூல். ஒரு ஜோடியில் ஒன்று போனால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். ஒரே ஜோடியின் இரண்டும் சேர்ந்து போனால், மற்ற நான்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூல் நின்றுவிடும். இந்த ஆய்வில் இது பிறகு முக்கியமாகிறது.

முதல் நான்கு டிஸ்க்குகளும் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் தரவில்லை. இடம் போதாமல் போனபோது உரிமையாளர் இரண்டு யுஎஸ்பி எக்ஸ்டர்னல் டிரைவ்களை வாங்கி, உறையைப் பிரித்து உள்ளிருந்த டிஸ்க்குகளை எடுத்துச் சர்வரில் மாட்டினார். தனியாக டிஸ்க் வாங்குவதைவிட இது மலிவாக அமைவதுண்டு, பலரும் செய்வதுதான். ஆனால் அந்த இரண்டையும் சாட்டா பவர் கேபிளில் (டிஸ்க்குகளுக்கு வழக்கமாக மின்சாரம் தரும் கேபிள்) செருகியபோது சுழலவே இல்லை. மோலக்ஸ் (பழைய வகை நான்கு ஒயர் பவர் பிளக்) முனையிலிருந்து இரண்டு சாட்டா பிளக்காகப் பிரியும் ஓர் அடாப்டரைப் போட்டதும் இரண்டும் உயிர்பெற்றன. ஏன் என்று அவர் தேடவில்லை. ஓடியது, அப்படியே விட்டுவிட்டார்.

பவர் சப்ளை 550 வாட், கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை. அதிலிருந்து நான்கு பிளக் கொண்ட ஒரு சாட்டா கேபிளும், மின்விசிறிகளுக்காக ஒரு மோலக்ஸ் கேபிளும் வந்தன. ஆக, 1 முதல் 4 வரையிலான டிஸ்க்குகள் சாட்டா கேபிளில்; புதிய 5, 6 இரண்டும் அடாப்டர் வழியாக மோலக்ஸ் கேபிளில். 5-உம் 6-உம் ஒரே மிர்ரர் ஜோடி.

இன்னொரு விவரம்: மின்செலவைக் குறைக்க, 20 நிமிடம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க்குகள் சுழற்சியை நிறுத்தித் தூங்கும்படி அமைத்திருந்தார்.

## முதல் அறிகுறிகள்

மாதம் ஒருமுறை அதிகாலை 2 மணிக்கு ஸ்க்ரப் (பூல் முழுவதையும் படித்துப் பிழை தேடும் வேலை) ஓடும். ஒரு மாதம், ஸ்க்ரப் தொடங்கிய உடனே ‘பூல் டிகிரேடட், 5-ஆம் டிஸ்க் ரிமூவ்டு’ (பூல் குறையோடு ஓடுகிறது, 5-ஆம் டிஸ்க்கைக் காணவில்லை) என்று மின்னஞ்சல் வந்தது. காலையில் சர்வரை அணைத்துப் போட்டதும் டிஸ்க் திரும்பிவிட்டது. இடையில் எழுதப்படாமல் விடுபட்ட தரவை இசட்எஃப்எஸ் சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டது. அடுத்த மாதமும் அதே கதை. பிறகு ஸ்க்ரப் இல்லாத நாட்களிலும் எப்போதாவது நடக்கத் தொடங்கியது. டிஸ்க் சாகப்போகிறது என்று முடிவுசெய்து புதிதாக ஒன்றை வாங்கிவிட்டு என்னை அழைத்தார்.

“தம்பி, அஞ்சாவது டிஸ்க் போயிடுச்சு. புதுசு வாங்கிட்டேன். மாத்துறது எப்படின்னு மட்டும் சொல்லிடு.”

“மாத்தலாம்க்கா. அதுக்கு முன்னாடி எல்லா டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட்டும் கர்னல் லாகும் அனுப்புங்க. அஞ்சாவதோடது மட்டும் போதாது.”

ஸ்மார்ட் ரிப்போர்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு; கர்னல் லாக் என்பது லினக்ஸ் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு. அவை வந்து சேருமுன் நிலைமை மோசமானது. அன்றிரவு கேமரா கார்டிலிருந்து வீடியோக்களை நகலெடுக்கத் தொடங்கிய சில நொடிகளில் 5, 6 இரண்டும் சேர்ந்து மறைந்தன. பூல் ‘சஸ்பெண்டட்’ (இடைநிறுத்தம்) நிலைக்குப் போய், நகலெடுப்பு பாதியில் உறைந்து நின்றது. சர்வர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் திரையிலோ நெட்வொர்க்கிலோ எந்தத் தடுமாற்றமும் இல்லை.

இரண்டு டிஸ்க்குகள் ஒரே நொடியில் பழுதாவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் அதற்குமுன் அவ்விரண்டுக்கும் பொதுவானது எது என்று கேட்பதுதான் முறை. மதர்போர்டில் அவை வெவ்வேறு போர்ட்டுகளில் இருந்தன, டேட்டா கேபிள்கள் வெவ்வேறு. பொதுவாக இருந்தது அந்த அடாப்டர் ஒன்றுதான். ஆனாலும் இது அந்தக் கட்டத்தில் ஊகம் மட்டுமே.

## டிஸ்க்குகளே எழுதிவைத்திருந்த கணக்கு

ஸ்மார்ட் ரிப்போர்ட் என்றால் பெரும்பாலோர் ‘பாஸ்டு’ என்று வந்திருக்கிறதா என்று பார்த்து மூடிவிடுகிறார்கள். இந்த ஆறு டிஸ்க்குகளும் ‘பாஸ்டு’தான். பயனுள்ள செய்தி உள்ளே, தனித்தனி எண்களில் இருந்தது.

காந்தத் தட்டு கெட்டால் ஸ்மார்ட் எண்கள் 5 (மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் காத்திருப்பவை), 198 (திருத்த முடியாதவை) ஆகியவை ஏறும். ஆறு டிஸ்க்குகளிலும் மூன்றுமே பூஜ்யம். சிக்னல் கெட்டால், அதாவது டேட்டா கேபிளிலோ பிளக்கிலோ பிழை இருந்தால், 199 (சிஆர்சி பிழைகள்) ஏறும். 5-இலும் 6-இலும் இது பூஜ்யம். ஆனால் யாரும் சந்தேகப்படாத 2-ஆம் டிஸ்க்கில் 2317.

மின்சாரத்தைப் பற்றிய சாட்சி 12-ஆம் எண்: டிஸ்க்குக்கு மின்சாரம் போய்த் திரும்பிய தடவைகளின் எண்ணிக்கை. பழைய நான்கு டிஸ்க்குகளில் இது 41, 41, 43, 41. ஆண்டுக்கணக்கில் ஓடிய சர்வருக்கு நியாயமான எண். அவற்றைவிட வயதில் மிகவும் இளைய 5-இல் 118, 6-இல் 109. சர்வர் ஒருமுறை அணைந்தால் ஆறிலும் ஒன்று ஏற வேண்டும். இவை இரண்டில் மட்டும் ஏறியிருந்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவற்றுக்கு மட்டும் மின்சாரம் அறுந்திருக்கிறது.

தூக்க அமைப்பால் இந்த எண் ஏறியிருக்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். நல்ல கேள்வி. தூங்கி எழுவது 4-ஆம் எண்ணில் (சுழற்சி தொடங்கி நின்ற தடவைகள்) பதிவாகும். தூக்கத்திலும் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டுக்கு மின்சாரம் இருப்பதால் 12 அசையாது. 192-ஐயும் (மின்சாரம் திடீரெனப் போனதால் ஹெட் பின்வாங்கிய தடவைகள்) பார்த்தோம். 5-இல் 96, 6-இல் 88. ஆனால் 192-ஐ எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை, சில டிஸ்க்குகளில் சாதாரணத் தூக்கமும் அதில் சேர்ந்துவிடும். அதனால் 12-ஐ முதன்மைச் சாட்சியாகவும் 192-ஐத் துணைச் சாட்சியாகவும் வைத்துக்கொண்டோம்.

இரவில் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக அவர் சொல்லியிருந்தார். அது இங்கே பொருந்தியது. மின்சாரம் போகும்போது, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மோட்டார் கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கித் தரும். அதை வைத்து டிஸ்க் தன் ஹெட்டை அவசரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் டிஸ்க் செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

கர்னல் லாகும் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைக் காட்டியது. 5, 6 இருந்த போர்ட்டுகளில் ‘லிங்க் டவுன், எஸ்ஸ்டேட்டஸ் 0’ என்று வந்து, பத்துப் பதினைந்து நொடிகள் கழித்து ‘லிங்க் அப், 6.0 ஜிபிபிஎஸ்’ என்று முழு வேகத்தில் திரும்பியிருந்தது. எஸ்ஸ்டேட்டஸ் 0 என்றால் மறுமுனையில் சாதனமே தெரியவில்லை என்று பொருள். தட்டு மீண்டும் முழு வேகத்துக்குச் சுழன்று தயாராக ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அந்த இடைவெளிதான். 2-ஆம் டிஸ்க்கின் போர்ட்டில் லிங்க் ஒருபோதும் முற்றாக அறுந்ததில்லை. ‘பேட் சிஆர்சி’, ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்று வரிசையாக வந்து, கடைசியில் கர்னலே வேகத்தை 6.0-இலிருந்து 3.0-க்கு இறக்கியிருந்தது. அந்த டிஸ்க் அரை வேகத்தில் ஓடுவதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் 3.0-இன் எல்லையைத் தொடுவது அரிது என்பதால் வேறுபாடு தெரிய வாய்ப்பும் இல்லை.

நேரங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்ததும் இன்னொன்று புலப்பட்டது. துண்டிப்புகள் 2:00:04, 2:00:09 என ஸ்க்ரப் தொடங்கிய நொடிகளில், அல்லது காலை ஃபோன் பேக்கப் ஆரம்பித்த நொடிகளில் இருந்தன. மணிக்கணக்கில் ஓடும் ஸ்க்ரப்பின் நடுவில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே டிஸ்க்குகள் நீண்ட தூக்கத்திலிருந்து எழும் கணங்கள்.

3.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும். முழு வேகம் எட்டியபின் அரை ஆம்பியரும் தேவைப்படாமல் போகலாம். ஆறும் ஒன்றாக எழுந்தால் 12 ஆம்பியர், 144 வாட். 550 வாட் பவர் சப்ளைக்கு இது சுமையே இல்லை. அப்படியானால் குறை இருந்தால் பவர் சப்ளைக்கும் டிஸ்க்குக்கும் இடைப்பட்ட வழியில்தான் இருக்க வேண்டும்.

## உடனடியாக எடுத்த முடிவுகள்

வாங்கிவைத்த புதிய டிஸ்க்கை மாட்டுவதில்லை என்பது முதல் முடிவு. உரிமையாளருக்கு இது உடனே ஒப்பவில்லை. கையில் மாற்று இருக்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும் என்றார். காரணம் எளியது: 5-ஐக் கழற்றிப் புதியதை அதே அடாப்டரில் மாட்டினால் புதியதும் அதே கோளாறுக்குள் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, ரீசில்வர் (புதிய டிஸ்க்குக்குத் தரவை நிரப்புவது) நடக்கும் முழு நேரமும் அந்த ஜோடியின் ஒரே முழுப் பிரதி 6-ஆம் டிஸ்க்கில் இருக்கும், அதுவும் அதே அடாப்டரில். நல்ல பிரதி ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சப் பிரதியைச் சந்தேகத்துக்குரிய ஒயரில் தொங்கவிடுவதாகும்.

இரண்டாவது, தூக்க அமைப்பை நீக்கியது. காரணம் இன்னும் நிரூபணமாகவில்லை என்றாலும், துண்டிப்பைத் தூண்டும் கணத்தையே இது தவிர்க்கும். ஸ்க்ரப் அட்டவணையையும் நிறுத்தினோம்.

மூன்றாவது, எதையும் கழற்றுமுன் பூலை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும் முடியும்படி) இம்போர்ட் செய்து, வேறு பிரதி இல்லாத படங்களையும் வீடியோக்களையும் ஓர் எக்ஸ்டர்னல் டிரைவுக்கு நகலெடுத்தது. இதற்கு ஒரு முழுப் பகலும் இரவும் ஆனது. மிர்ரர் இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று அவர் அதுவரை இருந்தார். அந்த நகலெடுப்பு முடியும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

## ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தது

சோதனைக்கு முன் பூலை எக்ஸ்போர்ட் செய்தோம், அதாவது சர்வரின் பயன்பாட்டிலிருந்து விடுவித்தோம். டிஸ்க்கைத் தூங்கவைத்து, பிறகு எல்லா டிஸ்க்குகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வெறுமனே படிக்கச் சொல்லும் கட்டளை. கோளாறைக் கேட்டபோதெல்லாம் வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே நான்கைந்து முறைக்கு ஒருமுறை வந்தது. போதுமான விகிதம்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினோம். முதலில் 5-இன் டேட்டா கேபிளையும் 1-இன் டேட்டா கேபிளையும் இடம் மாற்றினோம்: கோளாறு 5-உடனேயே இருந்தது. மதர்போர்டு போர்ட்டை மாற்றினோம்: அப்போதும் 5-உடனேயே. அடுத்தது பவர். 5-ஐச் சாட்டா பவர் கேபிளில் செருகினோம். சுழலவே இல்லை. பயாஸிலும் தெரியவில்லை.

“பார்த்தியா தம்பி, டிஸ்க்தான் போயிடுச்சு. நான் அப்பவே சொன்னேன்ல?”

“இதே டிஸ்க் அடாப்டர்ல ஓடுதேக்கா. செத்த டிஸ்க் ஒரு பிளக்ல மட்டும் உயிரோட இருக்காது.”

இங்கே மூன்றாம் பின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாட்டா பவர் பிளக்கில் 15 பின்கள். பழைய விதிமுறையில் முதல் மூன்றும் 3.3 வோல்ட்டுக்கானவை, பெரும்பாலான டிஸ்க்குகள் அதைப் பயன்படுத்தவே இல்லை. 2016-இல் வந்த சாட்டா 3.3 விதிமுறை மூன்றாம் பின்னுக்கு வேறு வேலை கொடுத்தது: அதில் மின்னழுத்தம் இருந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். டேட்டா சென்டரில் உறைந்துபோன டிஸ்க்கைக் கையால் தொடாமல் அணைத்துப் போடுவதற்கான ஏற்பாடு அது. பழைய முறையில் 3.3 வோல்ட் தரும் கேபிளில் அத்தகைய டிஸ்க்கைச் செருகினால், ‘அணை’ என்ற உத்தரவு இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். எக்ஸ்டர்னல் டிரைவ்களுக்குள் இருந்து எடுக்கப்படும் டிஸ்க்குகளில் சில இந்த வகை.

மோலக்ஸில் நான்கே ஒயர்கள்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கருப்பு. 3.3 வோல்ட் கிடையாது. அதனால்தான் அடாப்டரில் போட்டதும் அவை ஓடின. முதல் நாளே இது தெரிந்திருந்தால் அடாப்டர் உள்ளே வந்தே இருக்காது.

5-ஐச் சாட்டா கேபிளுக்கு உடனே மாற்ற முடியாததால் சோதனையைத் திருப்பிப் போட்டோம். இத்தனை ஆண்டு ஒரு குறையும் காட்டாத 1-ஆம் டிஸ்க்கை அடாப்டரில், 6-உடன் சேர்த்து மாட்டினோம். மூன்றாவது விழிப்பிலேயே 1-ஆம் டிஸ்க் மறைந்து திரும்பியது. அதன் 12-ஆம் எண் 41-இலிருந்து, நாங்கள் அணைத்துப் போட்ட தடவைகளைக் கழித்தபின்னும், ஒன்று கூடியிருந்தது. டிஸ்க்கின் மீதிருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

## மோலக்ஸ் இணைப்பில் கண்டது

அடாப்டரைக் கழற்றும்போது வழக்கமான இறுக்கம் இல்லை. மோலக்ஸ் பிளக் என்றால் விரல் வலிக்க இழுக்க வேண்டும். இது கிட்டத்தட்டத் தானாக வந்தது. வெளிச்சத்தில் பார்த்தபோது மஞ்சள் ஒயர் வரும் துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர்க் கறைபோலப் பழுத்திருந்தது. உள்ளே, பின்னைக் கவ்விப் பிடிக்க வேண்டிய உலோகக் குழாய் வாய் விரிந்து போயிருந்தது. அடாப்டரின் அந்தப் பின் சற்றே சாய்ந்து, ஒரு பக்கம் மட்டும் உரசிய கோடு தெரிந்தது. பின்னின் மற்றப் பக்கம் மங்கிய சாம்பல் நிறம். சிவப்பு, கருப்புத் துளைகள் புதிது போலவே இருந்தன.

அளந்தும் பார்த்தோம். மோலக்ஸ் பிளக்கின் பின்பக்கம் ஒயர் நுழையும் துளை வழியாக மல்டிமீட்டர் முனையை விடலாம். இணைப்பின் இரு பக்கமும், அதாவது பவர் சப்ளையிலிருந்து வரும் பக்கமும் டிஸ்க்குக்குப் போகும் பக்கமும், தனித்தனியாக அளந்தோம். முனை சற்று நழுவினால் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தொட்டுக்கொள்ளும் என்பதால் கை நடுங்குபவர்கள் செய்யத் தக்க வேலை அல்ல. மீட்டர் குறைந்தபட்ச மதிப்பைப் பிடித்துவைக்கும் நிலையில் இருந்தது.

டிஸ்க்குகள் தூங்கும்போது இரு பக்கமும் 12.0 வோல்ட். இரண்டும் எழுந்த கணத்தில் பவர் சப்ளைப் பக்கம் 11.9, டிஸ்க் பக்கம் 10.9. பவர் சப்ளைகளுக்கு நீண்டகாலமாகப் பின்பற்றப்படும் ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. சாதாரண மல்டிமீட்டர் மில்லிநொடிச் சரிவுகளைப் பிடிக்காது. உண்மையான சரிவு இதைவிட ஆழமாக இருந்திருக்கும்.

கணக்கு போட்டால் கறைக்கும் காரணம் கிடைக்கிறது. இரண்டு டிஸ்க்குக்கு ஏறக்குறைய 4 ஆம்பியர். அதில் 1 வோல்ட் விழுந்தால் அந்த இணைப்பின் தடை 0.25 ஓம்; சில மில்லி ஓம் இருக்க வேண்டிய இடம். 4 ஆம்பியர், 1 வோல்ட் என்றால் 4 வாட் வெப்பம், ஒரு சிறு உலோகக் குழாய்க்குள். சில நொடிகள்தான், ஆனால் ஒவ்வொரு விழிப்புக்கும். சூட்டில் உலோகம் ஆக்சைடு பூசிக்கொள்ளும், பிடி தளரும், தடை இன்னும் கூடும். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை வந்த கோளாறு பிறகு அடிக்கடி வந்ததும், முதலில் 5 மட்டும் மறைந்து பிறகு இரண்டும் சேர்ந்து மறைந்ததும் இப்படித்தான்.

அடாப்டரின் சாட்டா பக்கப் பிளக்குகள் ஒயர்களைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை. இந்த வகையில் உள்ளே ஒயர்கள் எப்படி இருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஒன்றையொன்று நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்களால் இதற்குக் கெட்ட பெயர் உண்டு. இங்கே பழுது அந்தப் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் அது பெட்டிக்குள் திரும்பப் போகவில்லை.

## சரிசெய்த விதம்

பவர் சப்ளையில் காலியாக ஒரு சாக்கெட் இருந்தது. இரண்டாவது சாட்டா கேபிள் ஒன்று போதும். உரிமையாளரின் அலமாரியில் பழைய பவர் சப்ளை ஒன்றின் கேபிள் கிடந்தது. முனை கச்சிதமாகப் பொருந்தியது. அதை மாட்டவில்லை. மாடுலர் கேபிள்களில் டிஸ்க் பக்கம் எல்லாம் ஒரே விதி. பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தப் பின்னில் எது வர வேண்டும் என்று பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையே கூட மாறும். இரண்டு கேபிள்களையும் வெளியே வைத்து, கன்டினியுட்டி சோதனையில் (எந்தப் பின் எந்தப் பின்னோடு இணைகிறது என்று மீட்டரால் பார்ப்பது) பின் பின்னாக ஒப்பிட்டோம். ஓடிக்கொண்டிருந்த கேபிளில் 12 வோல்ட் வரும் இடத்தில் பழைய கேபிளில் 5 வோல்ட். மாட்டியிருந்தால் 5 வோல்ட் சர்க்யூட்டுக்குள் 12 வோல்ட் பாய்ந்து, அந்தக் கேபிளில் இருக்கும் எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் போயிருக்கும். முழு நிகழ்விலும் உண்மையான பேரழிவுக்கு மிக அருகில் இருந்தது இந்த இடம்தான். அந்தக் கேபிளில் சிவப்பு டேப் சுற்றி, எந்த மாடலுக்கானது என்று எழுதி வைத்தார்.

அதே மாடலுக்கான கேபிளை வரவழைத்தபின், 5, 6 இரண்டின் பவர் பின் வரிசையில் மூன்றாவதன்மேல் மெல்லிய பாலிஇமைடு டேப் துண்டு ஒட்டினோம். சூடு தாங்கும், பிளக்கைச் செருகும்போது சுருளாது. சாதாரண செல்லோ டேப் இதற்கு உதவாது. நாளடைவில் பசை உருகி நகர்ந்துவிடும். டேப் ஒட்டியதும் இரண்டும் சாட்டா கேபிளிலேயே சுழன்றன.

எந்த டிஸ்க் எந்தக் கேபிளில் என்பதையும் மாற்றினோம். 1, 3, 5 ஒரு கேபிளில். 2, 4, 6 மற்றதில். ஜோடிகள் 1-2, 3-4, 5-6 என்பதால், இனி ஒரு பவர் கேபிள் முழுவதும் போனாலும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மிஞ்சும். செலவே இல்லாத மாற்றம் இது. மிர்ரர் அமைக்கும்போது டிஸ்க்குகளைப் பற்றி யோசிக்கிறோம், அவற்றுக்கு வரும் ஒயரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2-ஆம் டிஸ்க்கின் டேட்டா கேபிள், கேபினெட்டின் பக்கத் தகடு அழுத்தியதால் பிளக்கின் அருகே செங்கோணமாக மடிந்திருந்தது. அதில் பூட்டுக் கொக்கியும் இல்லை. கொக்கி உள்ள, சற்று நீளமான கேபிள் போட்டோம். எண் இன்னும் 2317 என்றே காட்டுகிறதே என்று உரிமையாளர் ஒருமுறை கேட்டார். 199 இறங்காது, டிஸ்க்கின் வாழ்நாள் கணக்கு அது. ஏறாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏறவில்லை.

## பின்விளைவு

புதிய கேபிளில் அதே விழிப்புச் சோதனையில் குறைந்தபட்சம் 11.8 வோல்ட். ஒருமுறைகூடத் துண்டிப்பு இல்லை.

முதல் முழு ஸ்க்ரப்பில் 5-இலும் 6-இலும் சில செக்சம் பிழைகள் (தரவு எழுதியபடி இல்லை என்று காட்டுபவை) தெரிந்தன. ஒன்றில் பிழையான இடம் மற்றதில் சரியாக இருந்ததால் பெரும்பாலானவை தானாகத் திருத்தப்பட்டன. ஒரு கோப்பு மட்டும் நிரந்தரப் பிழை என்று பட்டியலில் வந்தது: பூல் நின்ற இரவில் நகலாகிக்கொண்டிருந்த வீடியோ. கேமரா கார்டை அவர் இன்னும் அழிக்கவில்லை, அதனால் மீண்டும் எடுத்துக்கொள்ள முடிந்தது. அடுத்த ஸ்க்ரப் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது.

தூக்க அமைப்பை மறுபடி போடலாமா என்று பேசினோம். அவர் சேமிப்பை விரும்பினார். லாகைப் பார்த்தால், ஃபோன் பேக்கப்பும் வேறு வேலைகளும் டிஸ்க்குகளை இரவில் பலமுறை எழுப்பிக்கொண்டிருந்தன. தூங்கி எழுவதில் மிச்சமாகும் மின்சாரத்தைவிட, அத்தனை விழிப்புகளின் தேய்மானம் எனக்குப் பெரிதாகப் பட்டது. அமைப்பு நீக்கப்பட்டபடியே இருக்கிறது. இது என் கருத்து, வேறு பயன்பாட்டுக்கு வேறு விடை வரலாம்.

## இப்போது செய்யப்படுவதும் வேறுவிதமாகச் செய்யக்கூடியதும்

வாரம் ஒருமுறை ஆறு டிஸ்க்குகளின் 5, 12, 192, 197, 198, 199 எண்களும் சர்வர் எத்தனை நாளாக ஓடுகிறது என்பதும் ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேருகின்றன. 199 ஏறினால் உடனே மின்னஞ்சல். 12 ஏறியிருந்து, சர்வர் அணையாமல் இருந்திருந்தால் அதற்கும் மின்னஞ்சல். ஸ்மார்ட்டின் மொத்தத் தீர்ப்பை மட்டும் கவனிக்கும் வழக்கமான அமைப்பில் இந்த இரண்டாவது எச்சரிக்கை வராது. சின்ன ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது.

ஒவ்வொரு டிஸ்க்கின் முன்புறமும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஒட்டப்பட்டன. சோதனையின்போது எது 5, எது 6 என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் வெளியே இழுத்தது எரிச்சலான வேலை, ஆபத்தானதும்கூட.

சோதனைகளின் வரிசையிலும் ஒரு திருத்தம் செய்யலாம். டேட்டா கேபிள், போர்ட் என்று வரிசைப்படி போனோம். ஆனால் 12-ஆம் எண் முதல் நாளே பவரைக் காட்டிவிட்டது. இன்னொரு முறை இப்படி வந்தால் நல்ல டிஸ்க் ஒன்றைச் சந்தேகமான பிளக்கில் மாட்டும் சோதனையைத்தான் முதலில் செய்வேன். பவர் சரியில்லாத வழியில் நல்ல டிஸ்க்கை அதிக நேரம் விடக் கூடாது என்பதும் உண்மை. பூல் எக்ஸ்போர்ட் ஆன நிலையில், சில விழிப்புகளுக்கு மட்டும்.

மோலக்ஸ் அடாப்டரே கூடாது என்று சொல்லவில்லை. ஒயர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும், கிரிம்ப் செய்த பிளக் உள்ள அடாப்டர், ஒரு டிஸ்க்குக்கு ஒன்று என்ற கணக்கில் பல இடங்களில் நன்றாகவே ஓடுகிறது. செருகும்போது இறுக்கம் இருக்கிறதா என்று கை சொல்வதைக் கேட்டால் போதும்.

வாங்கிவைத்த புதிய டிஸ்க்கை நீள் சோதனையில் ஓட்டிச் சரிபார்த்து, உபரியாக உறையில் வைத்தார். சில மாதங்கள் கழித்து வாராந்தரக் கோப்பில் 3-ஆம் டிஸ்க்கின் 197 பூஜ்யத்திலிருந்து 8 ஆனது, அடுத்த வாரம் 24, கூடவே அதன் 5-ஆம் எண்ணும் நகரத் தொடங்கியது. 12 அசையவில்லை, 199 அசையவில்லை, கர்னல் லாகில் லிங்க் ஒருமுறைகூட விழவில்லை. இந்த முறை அவர் என்னை அழைத்தது வேலை முடிந்தபின்தான்: உபரி டிஸ்க் 3-இன் இடத்தில் இருந்தது, ரீசில்வர் 61 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.